யாத்திராகமமும் மன்னார்க் கரையும்: ஒரு விடுதலைக் கதையின் சமூகப் பொருள்

எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேல் மக்களைக் கடவுள் மீட்டு, கடலைப் பிளந்து வழிநடத்திச் சென்றார் என்னும் கதை விவிலியப் பழைய ஏற்பாட்டின் அச்சாணியாகும். முன்னோருக்கு அளித்த வாக்கைக் கடவுள் மறக்கவில்லை, காலந்தாழ்த்தியேனும் நிறைவேற்றினார் என்பதே அக்கதைக்குச் சமயநெறியாளர் கூறும் சாரம். இந்நம்பிக்கையை நிறுவுவதோ மறுப்பதோ எமது நோக்கமன்று. வாக்குத் தவறாமை என்னும் கருத்து எத்தகைய சமூக உறவுகளிலிருந்து எழுந்தது, யார் கையில் எவ்வாறு பொருள்பட்டது, இலங்கையின் மன்னார்க் கரையில் வரலாறு அதனை எவ்வாறு சோதித்தது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

மன்னாரைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. கத்தோலிக்கர் செறிந்து வாழும் இக்கரையின் ஆலயங்களில், பாஸ்கா திருவிழிப்பின்போது செங்கடல் கடந்த வரலாறு தமிழில் வாசிக்கப்படுகின்றது. அவ்வழிபாட்டின் பழைய ஏற்பாட்டு வாசகங்களுள் எக்காரணங்கொண்டும் தவிர்க்கலாகாதது அதுவே. இதே கரையில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்து ஏழை மக்கள் கடல்கடந்து வந்திறங்கினர். அவர்களுக்குக் கடல் அடிமைநிலையின் நுழைவாயிலாயிற்று. இதே கரையிலிருந்துதான் 1990இல் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். இவ்வனுபவங்களை ஒருங்குவைத்து நோக்கும்போதே கதையின் சமூகப் பொருள் துலங்கும்.

1. பெயரும் பொருளும்

இக்கதை இடம்பெறும் நூல் தமிழில் நெடுங்காலமாக 'யாத்திராகமம்' என வழங்கிவந்துள்ளது. புரட்டஸ்தாந்தர் வழக்கில் இன்றும் அப்பெயரே நிலைத்துள்ளது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலியம்' அதற்கு 'விடுதலைப் பயணம்' எனப் பெயரிட்டது. கிரேக்கத் தலைப்பின் நேர்ப்பொருள் 'வெளியேறுதல்' என்பதாகும். ஆகவே இரண்டு தமிழ்ப் பெயர்களும் மொழிபெயர்ப்பாக மட்டுமன்றி விளக்கமாகவும் அமைகின்றன. யாத்திரை என்னும் சொல் திருத்தலம் நாடிச் செல்லும் அடியவரை நினைவூட்டும். விடுதலை என்னும் சொல் அடிமைப்படுத்தியவன் ஒருவன் இருந்தான் என்பதை மறக்கவிடாது.

இப்பெயர் மாற்றத்தை அதன் காலச்சூழலில் வைத்து நோக்குதல் தகும். பெரு நாட்டுக் குருவாகிய குஸ்தாவோ குத்தியெரெஸ் விடுதலை இறையியல் பற்றிய தமது நூலை 1971இல் வெளியிட்டார். இலங்கையில் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் அதே ஆண்டிற் கொழும்பிலே சமூக, சமய நிலையத்தை நிறுவினார். போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இற் கண்டியிலே சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர் பிரச்சினையைத் தம் பணியின் மையமாகக் கொண்டார். மீட்பு என்பது இறந்தபின் ஆன்மா பெறும் பேறு மாத்திரமன்று, இவ்வுலகில் மனிதர் மனிதரை அடக்கியாளும் உறவு மாறுவதுமாகும் என்னும் கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றது. அதற்கு அவர்கள் முதன்மைச் சான்றாகக் கொண்டவற்றுள் இக்கதையும் ஒன்று.

2. பெருமூச்சும் நினைவும்

கதையின் தொடக்கத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் மக்கள் அடிமைத்தனத்தின் சுமையாற் பெருமூச்சு விட்டுக் கதறுகின்றனர். அவர்கள் கடவுளை நோக்கிக் கதறியதாக அவ்விடத்திற் கூறப்படவில்லை. கதறல் கடவுளை எட்டியது என்றே கூறப்படுகின்றது. அதன்பின்னரே அவர் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோருடன் செய்த உடன்படிக்கையை நினைவுகூர்கிறார். வழிபாடு முந்தவில்லை, உழைப்பாளியின் வேதனையே முந்துகின்றது. மார்க்ஸ் 1844இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் சமயத்தைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான முறைப்பாடாகவும் கண்டார் என்பது இவ்விடத்து நினையத்தக்கது. அவர் சுட்டிய அவ்விரு பண்புகளும் இக்கதையிற் பிரிக்கவியலாதபடி கலந்துள்ளன.

ஐந்தாம் அதிகாரம் அடிமை உழைப்பின் அமைப்பை வியக்கத்தக்க துல்லியத்துடன் காட்டுகின்றது. செங்கற் செய்வதற்குரிய வைக்கோல் நிறுத்தப்படுகின்றது. ஆயின் நாளொன்றுக்குரிய கற்களின் தொகை குறைக்கப்படவில்லை. எகிப்திய ஆளோட்டிகளுக்குக் கீழே இஸ்ரவேலரிலிருந்தே தெரிவுசெய்யப்பட்ட மேற்பார்வையாளர் உள்ளனர். கணக்குக் குறைந்தபோது அடிபடுவோர் இவர்கள். இவர்கள் பார்வோனிடம் சென்று முறையிடுகின்றனர். முறையீடு பயன்படாதபோது மோசேயையும் ஆரோனையும் பழிக்கின்றனர். ஒடுக்குமுறை தன் இடைத்தரகரை ஒடுக்கப்பட்டோரிடமிருந்தே பெற்றுக்கொள்ளும் என்பதும், அவ்விடைத்தரகர் விடுதலையின் முதல் முயற்சியைக் கண்டு அஞ்சுவர் என்பதும் இங்கு தெளிவாகின்றன. மலையகத் தோட்டங்களின் வரலாறு அறிந்தோர்க்கு இப்பாத்திரம் புதியதன்று.

இக்கதை நிகழ்ந்தவாறே பதியப்பட்டதா என்பது வேறு வினா. எகிப்தியச் சான்றுகளிலே இத்தகைய வெளியேற்றம் பற்றிய குறிப்பு இல்லை. கி.மு. 1208ஆம் ஆண்டளவைச் சேர்ந்த மெர்னெப்தா மன்னனின் கல்வெட்டு, இஸ்ரவேல் என்னும் மக்கட்குழு கானான் நாட்டில் இருந்ததை மட்டும் குறிக்கின்றது. 1962இல் ஜோர்ஜ் மெண்டன்ஹோலும் 1979இல் நோர்மன் கொற்வால்டும், ஆதி இஸ்ரவேலர் கானானிய நகர அரசுகளின் பிடியிலிருந்து விலகிய குடியானவரே என வாதிட்டனர். கிளர்ச்சி என்னும் விளக்கத்தை ஏற்காத அகழாய்வாளர் பலரும், அவர்களிற் பெரும்பாலோர் கானான் மண்ணிலிருந்தே தோன்றினர் என்பதை ஏற்பர். அவ்வாறாயின், அரசர்களின் வெற்றிகளைப் பாடாது, தம் முன்னோர் அடிமைகளாயிருந்தனர் என்பதையே தம் அடையாளத்தின் அடித்தளமாக ஒரு மக்கட்கூட்டம் தெரிந்துகொண்டது என்பதுதான் ஆய்வுக்குரிய செய்தியாகும்.

இந்நினைவின் வலிமையை அடிமை உடைமையாளர் நன்கு அறிந்திருந்தனர். 1807இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென இலண்டனில் அச்சிடப்பட்ட விவிலியத் தொகுப்பில், எகிப்திலிருந்து மீண்ட பகுதி நீக்கப்பட்டிருந்தது. மறுபுறம், அமெரிக்காவில் அடிமைகளை இரகசியமாக மீட்டுச் சென்ற ஹரியற் ரப்மன் அம்மையாரை மக்கள் 'மோசே' என்றே அழைத்தனர். ஒரு நூலின் பொருளை அதன் எழுத்துகள் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அதனை வாசிக்கும் வர்க்கத்தின் நிலையும் தீர்மானிக்கின்றது.

3. கடல்கடந்து அடிமைநிலைக்குள்

பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் இலங்கைக்கு ஏற்புடைத்தாகாது என விலக்கப்பட்டது. இங்கு அடிமைமுறை 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே முற்றாக ஒழிக்கப்பட்டது. வட இலங்கையில் கோவியர், நளவர், பள்ளர் ஆகியோருட் பலர் அதுவரை சட்டப்படி அடிமைகளாகக் கருதப்பட்டனர். பழைய அடிமைமுறையைச் சட்டம் கைவிட்ட அதே பத்தாண்டிலே, கோப்பித் தோட்டங்களின் பெருக்கம் வேறொரு கட்டுண்ட உழைப்பை மன்னார்க் கரைக்குக் கொண்டுவந்தது.

இராமநாதபுரக் கரையிலிருந்து தோணிகளிற் புறப்பட்டோர் தலைமன்னார், அரிப்பு முதலிய இடங்களில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டுவழியே நடந்தனர். பசியும் வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியெங்கும் உயிர்களைக் கொண்டன. கண்டிச்சீமையிலே செடியின் தூரைக் கிண்டினாலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஊர்களிற் சொல்லப்பட்டதை மலையக மக்கள் தலைமுறை தலைமுறையாக நினைவுகூர்வர். விவிலியத்திற் பாலும் தேனும் ஓடும் நாடு, விடுதலை பெற்றோர்க்கு அளிக்கப்பட்ட வாக்கு. இங்கோ அத்தகைய வாக்கு ஆட்களைத் திரட்டும் கருவியாகப் பயன்பட்டது.

வாக்கை அளித்தவன் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்தவன், சிலவேளை உறவினன். கங்காணி முன்பணம் கொடுத்தான். வழிச்செலவும் உணவும் கடனில் ஏறின. கடன் தொகை குறிக்கப்பட்ட 'துண்டு' இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தன் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு இவ்வளவு எனக் கங்காணிக்குக் காசு கிடைத்தது. துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. யாத்திராகமத்தின் மேற்பார்வையாளரோ கணக்குக் குறைந்தபோது தாமும் அடிபட்டவர். கங்காணி அவரினும் வலுவான நிலையில் இருந்தான். உறவுமுறையையும் சாதியையும் கடனையும் ஒன்றாக்கி மூலதனத்துக்குப் பயன்படச் செய்தமையே பெருந்தோட்ட முறையின் தனித்தன்மையாகும்.

சுதந்திரம் கிடைத்தபின்னரும் வாக்குத் தவறுதலே தொடர்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட முனைந்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிய முடிவு 1974வரை ஒத்திவைக்கப்பட்டது. அதன்படி இந்தியா சென்றோர் தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து கப்பலேறினர். பாட்டன் இறங்கிய கரையிலே பேரன் ஏறினான். 1984இல் அக்கப்பற் சேவை நின்றது. 'தாயகம் திரும்பியோர்' என அவர்கள் அழைக்கப்பட்டனர். ஆயின் அவர்களுட் பலர் அத்தாயகத்தை அதற்குமுன் கண்டதில்லை.

4. மீண்டவர் கடமை

மன்னார்க் கத்தோலிக்கரின் சொந்த நினைவிலும் ஒரு வெளியேற்றம் உண்டு. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் மன்னாரிற் புதுக்கிறித்தவர் கொல்லப்பட்டனர். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிக் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தனர். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குட் சென்றன என்பது மடுத் திருத்தல மரபு. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அத்திருத்தலம் ஆயிரக்கணக்கான அகதிகளுக்குப் புகலிடமாயிற்று. 1999 நவம்பரில் அங்கு வீழ்ந்த எறிகணைகள் தஞ்சமடைந்தோர் பலரின் உயிரைக் குடித்தன. 2008 ஏப்பிரலில் அத்திருச்சொரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. தம்மை இஸ்ரவேலரோடு ஒப்பிட இக்கரை மக்களுக்கு நியாயம் உண்டு.

ஆயினும் அவ்வொப்பீட்டுக்கு ஒரு விலையும் உண்டு. யாத்திராகமமும் உபாகமமும் மீட்கப்பட்டோர்க்கு இடும் கட்டளை, அந்நியனை ஒடுக்கலாகாது என்பது. நீங்களும் எகிப்திலே அந்நியராயிருந்தீர்கள் என்பதே அதற்குத் தரப்படும் காரணம். ஏழாம் ஆண்டில் அடிமையை வெறுங்கையாக அனுப்பலாகாது என்பதற்கும் அதுவே காரணம். இதே நூல்கள் அடிமைமுறையை முற்றாக விலக்கவில்லை என்பதையும், பிறமக்களை அழித்து நிலம் கொள்ளும் கட்டளைகளும் அவற்றில் உள்ளன என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. விடுதலைக் கதை ஆதிக்கக் கதையாக மாறும் வாய்ப்பு அக்கதைக்குள்ளேயே உள்ளது.

1990 ஒக்டோபர் இறுதியில் அவ்வாய்ப்பு எமது கரையில் நடைமுறையாயிற்று. தமிழரின் விடுதலைக்குப் போராடுவதாகக் கூறிய விடுதலைப் புலிகள், வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோரை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி உள்ளிட்ட மன்னார்த்தீவின் ஊர்களைச் சேர்ந்தோருட் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அம்மக்களும் இக்கதைக்கு உரியவர்கள். மூஸா நபியும் பிர்அவ்னும் குர்ஆனிற் பலவிடங்களில் வருகின்றனர். ஆஷூரா நோன்பு மூஸா நபியும் அவர்தம் மக்களும் மீட்கப்பட்டதை நினைவுகூர்கின்றது. விடுதலையின் பெயரால் வெளியேற்றியோர் எகிப்தின் பக்கம் நின்றனர். வெளியேற்றப்பட்டோர் கடலின் முன் நின்றனர். ஓர் இனத்துக்குப் பிறப்பினால் உரித்தான வாக்குறுதியாக விடுதலையைக் கொண்டால் நேரும் விளைவு இதுவே.

5. முடிவுரை

கடவுளின் வாக்குத் தவறாமை என்று கதை கூறுவதைச் சமூக மொழியில் நாம் இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். ஒடுக்கப்பட்டோரின் கதறல் மறக்கப்படலாகாது. அந்நினைவு மீட்கப்பட்டோரின் நடத்தையைக் கட்டுப்படுத்தவேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினும் உடன்படிக்கை முறிந்துவிடுகின்றது. முதலாவதைக் காலனித்துவமும் அதன்பின் வந்த அரசுகளும் மலையக மக்கள்பாற் பலகாலம் முறித்தன. இரண்டாவதைத் தமிழ்த் தேசியம் 1990இல் முறித்தது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமைக்கு வழிசெய்தது. மலையக மக்கள் வந்து இருநூறாண்டு நிறைவடைந்ததையொட்டி, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரையான பாதயாத்திரை ஒன்று தொடங்கியது. ஏறத்தாழ 250 கிலோமீற்றரை 16 நாட்களில் நடந்தோர், முன்னோர் மடிந்த வழியை நினைவுகூர்ந்ததுடன், காணி, வீடு, நியாயமான கூலி, சமவுரிமை ஆகியவற்றையும் கோரினர். யாத்திரை, விடுதலை என்னும் இரு சொற்களும் அந்நடையில் ஒன்றாயின. அக்கோரிக்கைகள் இன்னும் முற்றாக நிறைவேறவில்லை. மன்னாருக்கு மீண்ட முஸ்லிம் மக்களின் காணிப் பிரச்சினைகளும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. இவ்விரு மக்களின் நியாயத்தையும் தன் நியாயமாகக் கொள்ளாத எந்த விடுதலை இயக்கமும், அது சமயத்தின் பெயரால் வரினும் தேசியத்தின் பெயரால் வரினும், இக்கதைக்கு உரிமை கோருதல் இயலாது.