8 வருட முற்றுகையை சமாளித்த செஞ்சிக் கோட்டை!
லீவு நாளில் வருகிறவர்கள் பாதி மலையில் திரும்புவது ஏன்?

லீவு நாள் வந்தால் போதும். செஞ்சிக் கோட்டையில் கூட்டம் ஜேஜே என்று இருக்கிறது.

சென்னையில் இருந்து காலை பஸ்சில் கிளம்புகிற குடும்பம், வழியில் டிபனை முடித்துக்கொண்டு, கோட்டை வாசலுக்கு வந்து சேரும்போது மணி 11 ஆகிவிடுகிறது. வெயில் மண்டையை பிளக்கிறது. நாலு பேருக்கு ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். காலில் ரப்பர் செருப்பு. பாதி மலை ஏறுவதற்குள் பாட்டில் காலி!

"ஏங்க, இதுக்கு மேல என்னால முடியாதுங்க. புள்ளைக்கும் நாக்கு வறண்டு போச்சு. இறங்கிடலாம்" என்கிறார் மனைவி.

"இவ்வளவு தூரம் வந்துட்டு உச்சியை பார்க்காம போறதா?" என்று கணவர் முணுமுணுக்கிறார். ஆனால் அவருக்கும் மூச்சு வாங்குகிறது. பேசாமல் இறங்கி விடுகிறார்கள்.

லீவு நாட்களில் இந்தக் காட்சி அங்கே சகஜம். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இதே மலையில் 300 வருடங்களுக்கு முன்பு ஒரு படை, டெல்லி பாதுஷாவின் சேனையை எதிர்த்து 8 வருடம் தாக்குப்பிடித்தது. அதற்கு கை கொடுத்தது மதில் சுவர் மட்டும் அல்ல. தண்ணீர்!

3 மலை, ஒரு கோட்டை

செஞ்சிக் கோட்டை விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று 3 மலைகள். மூன்றையும் வளைத்து மதில் சுவர். அதன் நீளம் சுமார் 13 கிலோ மீட்டர். திண்டிவனம்-திருவண்ணாமலை ரோடு இந்த மலைகளுக்கு நடுவேதான் போகிறது.

இதில் பெரியது ராஜகிரி. சுமார் 800 அடி உயரம். உச்சிக்கு போகும் முன்பு மலையே இரண்டாக பிளந்து கிடக்கிறது. பிளவின் ஆழம் ஏறக்குறைய 60 அடி. அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் ஆபத்து வந்தால் பாலத்தை எடுத்து விடுவார்கள். பிறகு ஈ, காக்கை கூட நடந்து போக முடியாது!

பட்டினி கிடந்தது யார்?

1677-ல் சத்ரபதி சிவாஜி இந்தக் கோட்டையை பிஜப்பூர் சுல்தானின் ஆட்களிடம் இருந்து கைப்பற்றினார். அவர் மறைந்த பிறகு, மராட்டிய நாட்டை அவுரங்கசீப்பின் படை சூழ்ந்தது. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் தப்பி வந்து 1689-ல் செஞ்சிக்குள் புகுந்து கொண்டார்.

விடுவாரா அவுரங்கசீப்? தளபதி சுல்பிகர்கானை அனுப்பினார். 1690-ல் முற்றுகை தொடங்கியது. ஆனால் 13 கிலோ மீட்டர் மதிலை முழுதாக வளைக்க ஆள் போதவில்லை. கோட்டைக்குள் நெல் போட்டு வைக்க பெரிய பெரிய களஞ்சியங்கள். மலை மேலே சுனை. மழைத் தண்ணீரை பிடித்து வைக்க தொட்டிகள். உள்ளே இருந்தவர்கள் சமாளித்தார்கள். தானியம் கிடைக்காமல் பட்டினி கிடந்தது வெளியே இருந்த மொகலாய படைதான்!

அவுரங்கசீப்பின் மகன் காம்பக்ஷும் அந்த முகாமில் இருந்தார். எதிரியுடன் ரகசியமாக பேசினார் என்று சொல்லி, பாதுஷாவின் மகனையே தளபதிகள் காவலில் வைத்தனர். 1693-ல் முற்றுகையை விட்டுவிட்டு படை வந்தவாசிக்கு பின்வாங்கியது. மறுபடியும் வந்து, 1698-ல்தான் கோட்டையை பிடிக்க முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பி, வேலூர் வழியாக மராட்டியத்துக்கு போய் சேர்ந்துவிட்டார். கோட்டை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை!

ஒரே இரவில்...

இதே கோட்டை 1750-ல் ஒரே இரவில் பிரெஞ்சுக்காரர்கள் வசம் போனது. மதில் அதே மதில்தான். மலையும் அதே மலைதான். ஆனால் அன்று உள்ளே இருந்தது, தோற்று ஓடி வந்து பதுங்கிய படை. 1761-ல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் வருகிற ராஜா தேசிங்கு ஆண்டதும் இங்கேதான். ஆற்காடு நவாபை எதிர்த்து 1714-ல் போர்க்களத்தில் உயிர் விட்டபோது, அவர் 22 வயது வாலிபர்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டைக்கு உலக பாரம்பரிய சின்னம் என்ற அந்தஸ்தை கொடுத்தது. பட்டியலில் சேர்ந்த மராட்டியர் கோட்டைகள் மொத்தம் 12. மற்ற 11-ம் மராட்டிய மாநிலத்தில் உள்ளவை.

எப்படி போவது?

கிளாம்பாக்கத்தில் இருந்து திண்டிவனம் வழியாக திருவண்ணாமலை போகும் பஸ்சில் ஏறி, செஞ்சியில் இறங்க வேண்டும். அங்கிருந்து கோட்டைக்கு ஆட்டோ உண்டு. விடியற்காலை பஸ்சை பிடிப்பது நல்லது. வெயில் ஏறும் முன்பு மலை ஏறிவிட வேண்டும். நிதானமாக ஏறினால் உச்சிக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம். நல்ல செருப்பு வேண்டும். தின்பண்டத்தை கையில் தூக்கிப் போகாதீர்கள். குரங்குகள் விடாது!

முதலில் உச்சி. அங்கே ரங்கநாதர் கோவில், மணிக்கூண்டு, பழைய பீரங்கி எல்லாம் இருக்கின்றன. இறங்கிய பிறகு கீழே கல்யாண மகால், களஞ்சியம், யானைக்குளம், வெங்கட்ரமணர் கோவில், சாதத்துல்லாகான் மசூதி. கல்யாண மகாலுக்கு சுமார் 500 மீட்டர் தூரத்தில் இருந்து மண் குழாய் வழியாக தண்ணீர் வந்திருக்கிறது. மோட்டார் இல்லாத காலத்தில்! ஏற முடியாத பெரியவர்கள் கீழே உள்ளதை பார்த்தாலே அரை நாள் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. கோட்டை சுவரில் ஆணியால் பெயர் கிறுக்கினால் 2 வருடம் வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்த்துக் கிடைத்தாலும் ஆச்சரியம் இல்லை.

காலி பாட்டிலை சுனையிலும் குளத்திலும் எறியாமல், கையோடு கீழே கொண்டு வந்துவிடுங்கள். 8 வருடம் ஒரு படையை காப்பாற்றிய தண்ணீர் அது!