தடிப்பு என்பது எது? பால்மரப் பட்டையும் படப்பகுப்பு மென்பொருளும்

செபராங் பிறைத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோர் நுண்ணோக்கியைக் கண்டவரல்லர். ஆயினும் தடிப்பைக் கையால் அறிந்தவர்கள். மரப்பால் நிறைந்த நுண்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், கேம்பியம் என்னும் வளர்படலத்தை அடுத்து, வளையம் வளையமாக அமைந்துள்ளன. உளி மேலோடினால் பால் குறையும். ஆழ்ந்துவிட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கேம்பியத்தின்மேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு உளியை நிறுத்துவதே கைத்திறம்.

அதே பட்டையை இன்று ஆராய்வோர், மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் படமெடுத்து, கணினியில் அளக்கின்றனர். இதற்கு உதவும் மென்பொருள்களுள் பெயர்பெற்றது, அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் வெய்ன் ராஸ்பாண்ட் உருவாக்கிய இமேஜ்ஜே. எவரும் இதனை இலவசமாகப் பெறலாம்.

எதனை அளக்கிறோம் என்பதை மென்பொருள் முடிவு செய்யாது. சொல்லும் வரையறையும்தான் முடிவு செய்யும். 'கனம்' என்றால் எடையும் நினைவுக்கு வரும். 'பருமன்' சுற்றளவையும் கொள்ளளவையும் இழுத்து வரும். 'தடிமன்' என எழுதினாலோ ஈழத்து மாணவர் சளிக்காய்ச்சல் என்று நகைப்பர். 'தடிப்பு' தோலில் எழும் வீக்கத்தையும் குறிக்கும். எனினும் ஆய்வேட்டில் அது குழப்பாது என்பதால் அதனையே கொள்கிறோம்.

சொல் கிடைத்தது, பொருள்? நுண்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் பருத்தும் வளைந்தும் இருக்கும். விருப்பப்பட்ட இடத்தில் ஒரு கோடு வரைந்து அளப்பது அளவன்று, தெரிவு. 1997இல் ஹில்டபிராண்ட், ரூக்செகர் என்னும் இருவர் எலும்பின் நுண்ணமைப்பை ஆராய்ந்தபோது தெளிவான வரையறை தந்தனர்: ஒரு புள்ளியை உள்ளடக்கி, உருவுக்குள் முற்றும் அடங்கும் மிகப் பெரிய உருண்டையின் விட்டமே அவ்விடத்துத் தடிப்பு. தட்டையான படத்தில் உருண்டைக்கு மாற்றாக வட்டம் கொள்க. இவ்வாறு ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிட்டுச் சராசரி காணலாம்.

இனி அளவுகோல். நுண்ணோக்கிக்கென்றே செய்த கண்ணாடி அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் 100 கூறாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒரு கூறு 10 மைக்ரோமீட்டர். படத்தில் அது 40 புள்ளிகளை நிரப்பினால், ஒரு புள்ளி 0.25 மைக்ரோமீட்டர். 2 மைக்ரோமீட்டர்ச் சுவர் எட்டே புள்ளிகள்தாம். கருமைக்கும் வெண்மைக்கும் இடையே எல்லையை வகுக்கையில் இருபுறமும் ஒவ்வொரு புள்ளி பிசகினால் விடை கால் பங்கு பிழைபடும். ஆதலால் ஒப்பிடப்படும் படங்கள் அனைத்திற்கும் எல்லை வகுக்கும் முறை ஒன்றாதல் வேண்டும். அதனை ஆய்வேட்டில் குறித்தலும் வேண்டும்.

சீவல் சாய்ந்தாலும் தடிப்பு மிகுந்து தோன்றும். 30 பாகை சாய்வில் 10 மைக்ரோமீட்டர் 11.5 ஆகும், 60 பாகையில் இருமடங்கு. பால்மர நுண்குழாய்களோ இயல்பிலேயே சில பாகை சாய்ந்தே ஏறுகின்றன. 5 பாகைச் சாய்வு தரும் பிழை நூற்றுக்கு அரைகூட இல்லை. அளப்பவர் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மரம் வெட்டியவர்க்கோ அச்சாய்வே முதன்மையானது. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் வெட்டு, அந்நுண்குழாய்களுள் மிகுதியானவற்றைத் திறந்துவிடும்.