படுகளத்தில் துரியோதனன்

ஆரணி, வந்தவாசி, செய்யாறு வட்டாரத்தில் அக்னி வசந்த விழா முடிகிற நாளில், திரௌபதி அம்மன் கோயில் திடலில், படுகளம் என்னும் சடங்கில், துரியோதனன் மல்லாந்து கிடப்பான். முழுக்க மண். ஆள் ஏறி நடக்கலாம், அவ்வளவு பெரிய உடம்பு. மண் குழைத்துக் கைகால் வகுத்து, கண்ணும் மீசையும் வண்ணத்தில் தீட்டியிருப்பார்கள். தொடைக்குள் சிவப்பு நீர் மறைந்திருக்கும். பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிப் போரிடுவார்கள். கடைசியில் தொடையில் அடி விழும், சிவப்பு கசியும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிவாள். பார்த்தவர்கள் அந்த மண்ணில் ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப் போவதும் உண்டு.

இந்தப் பக்கத்தில் பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நாடகம் எழுதுகிறவர்கள் இதைப் போதுமான அளவு பார்க்கவில்லை என்பதே என் ஆதங்கம். இந்தக் காட்சியைப் பாட்டு கட்டியவர் பாதி எழுதினார், மண் பிசைந்தவர் மீதியை எழுதினார். அந்த உருவத்தை எடுத்துவிட்டால் பதினெட்டாம் நாள் போர் வெறும் வசனம்.

இரவுக் கூத்திலும் அப்படித்தான். எடை குறைந்த கட்டையில் செதுக்கிய கிரீடம், புஜக்கட்டை, மேலே கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும். இருவர் பிடித்த திரைக்கு மேல் கிரீடத்தின் நுனி தெரிந்ததுமே வருவது ராஜ வேஷம் என்று கூட்டம் நிமிர்ந்துவிடும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேள்வி கேட்பது அதற்கப்புறம்.

1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, உருவமும் கதை சொல்லும் என்பதைக் கண்டுகொண்டவர். பழைய தஞ்சை மாவட்டத்துப் புஞ்சையில் பிறந்த சிறுகதைக்காரர். சபா நாடகங்கள் வசனத்தையே நம்பியிருந்த காலத்தில், செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைத் தம்பிரான் குடும்பத்தாரின் கூத்து அவரைத் திருப்பிப் போட்டது. ‘படுகளம்’ என்ற பெயரிலேயே ஒரு நாடகம் எழுதினார். கூத்தைப் பற்றிய ‘அன்று பூட்டிய வண்டி’ கட்டுரைகளையும் நாடகக்காரர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

வெளிநாட்டிலும் இதைக் கண்டுகொண்டார்கள். 2016இல் பாரிசில் இயக்குநர் அரியான் முனுஷ்கினின் தியேத்ர து சொலேய் நாடகக் குழு, ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் கூத்து கற்றது. கிரீடமும் கட்டையுமாகப் பாரதக் காட்சிகள் அந்த மேடையேறின.

இங்கோ பல குழுக்களில் பிரதி முதலில் முடிந்துவிடுகிறது. பின்திரை தீட்டத்தான் ஓவியரைக் கூப்பிடுகிறார்கள். இது மாற வேண்டும். எழுதத் தொடங்குமுன்பே ஓவியரும் சிற்பியும் பக்கத்தில் உட்கார வேண்டும். விழாக் காலத்தில் நாடக ஆசிரியர்கள் இந்தப் பக்கம் வந்து, துரியோதனனுக்கு மண் குழைக்கிறவர்களோடு ஓர் இரவு இருக்கலாம். இடம் கொடுத்தால் தாங்களும் கை வைக்கலாம்.