ஓடுகின்ற மடிக்கணினியை மாற்றத்தான் வேண்டுமா?

தேக்கா நிலையத்தின் மேல்தளத்திலுள்ள தையற்கடைகளின் வழியே நடந்து செல்வோர், தையல் இயந்திரம் எத்தகைய உழைப்பாளி என்பதை அறிவர். காலத்தில் எண்ணெய் விட்டு, தேய்ந்த வாரையும் ஊசியையும் மாற்றிவந்தால் அது ஒரு தலைமுறைக்கும் மேல் உழைக்கும். துணியும் நூலும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே இயந்திரமும் மாற வேண்டியதில்லை.

மடிக்கணினியின் நிலை அவ்வாறன்று. அதன் திரையும் விசைப்பலகையும் குறையின்றி இருப்பினும், அது தொடர்பு கொள்ளும் வெளியுலகம் மாறிக்கொண்டே இருக்கின்றது. வங்கியின் இணையத்தளம், சிங்பாஸ் வழி நடைபெறும் அரசாங்க அலுவல்கள், பிள்ளைகளின் இணையவழிப் பாடங்கள் ஆகிய அனைத்தும் காலத்துக்கேற்ற மென்பொருளை எதிர்பார்க்கின்றன. ஆதலால், ‘ஓடுகின்ற கணினியை ஏன் மாற்ற வேண்டும்?’ என்று தந்தை கேட்பதும் நியாயமே. ‘மாற்றித்தான் ஆகவேண்டும், அப்பா’ என்று மகள் கூறுவதும் சில வேளைகளில் நியாயமே. இவர்களுள் யார் கூறுவது சரி என்பதைக் கணினியின் வயதைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. கடையில் புது மாதிரி வந்துவிட்டது என்பதைக் கொண்டு தீர்மானிப்பது அதனினும் தவறு.

முதலாவதாக ஆராய வேண்டியது, அக்கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றனவா என்பதே. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கும் திருத்தங்களைத் தயாரிப்பாளர்கள் இணையத்தின் வழி அனுப்பிவைக்கின்றனர். அவை நின்றுவிட்டால் கணினி நின்றுவிடாது, முன்போலவே ஓடும். ஆனால், பூட்டுப் பழுதான கதவைப் போல, வெளியிலிருந்து பார்ப்பதற்கு மூடியிருப்பதாகத் தோன்றுமேயன்றி உண்மையில் காவல் இராது.

பல வீடுகளிலும் உள்ள விண்டோஸ் 10 மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களின் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் நீட்டிக்கப்படும் என அறிவித்தது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 மென்பொருளுக்கு மாறுவதற்குக் கட்டணம் இல்லை. எனினும் எல்லாக் கணினிகளும் அதனை ஏற்பதில்லை. 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் இருந்தால் மட்டும் போதாது, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் சில்லாயின் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருத்தல் வேண்டும். தங்கள் கணினி தகுதியுடையதா என்பதை அந்நிறுவனமே இலவசமாக வழங்கும் ‘பிசி ஹெல்த் செக்’ என்னும் செயலி சில நிமிடங்களில் தெரிவித்துவிடும். கடைக்குச் செல்லுமுன் இச்சோதனையைச் செய்துவிடுவது நலம். கடைக்காரர் ‘இது பழைய சாமான், அண்ணே’ என்று கூறுவது சோதனை ஆகாது.

தகுதி பெறாத கணினியை உடனே கழித்துவிட வேண்டும் என்பதும் இல்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயக்க மென்பொருள்கள் பழைய கணினிகளிலும் நன்கு ஓடும். அவற்றில் தமிழிலும் தட்டச்சுச் செய்யலாம். இணையத்தில் செய்தி படிப்பதும் கடிதம் எழுதுவதுமே வேலையாக உள்ள ஒரு வீட்டுக்கு அவை போதும். ஆயினும், பள்ளியோ அலுவலகமோ குறிப்பிட்ட ஒரு மென்பொருளைக் கட்டாயமாகக் கேட்குமாயின், இவ்வழி பயன்படாமல் போகலாம்.

இங்கு ஒன்றைக் கூறுதல் தகும். புதுக் கணினி வாங்கினால் மோசடியிலிருந்து தப்பிவிடலாம் என்று சிலர் கருதுகின்றனர். 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மோசடிகளால் மக்கள் இழந்த தொகை குறைந்தது 110 கோடி வெள்ளி. அச்சம்பவங்களில் பெரும்பாலானவற்றில், பாதிக்கப்பட்டோர் ஏமாற்றுப் பேச்சை நம்பித் தாமே பணத்தை அனுப்பியிருந்தனர். அத்தகைய ஏமாற்றை எந்தப் புது மாதிரியும் தடுக்காது.

மெதுவாக ஓடும் கணினி

‘திறப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது’ என்பதே பழைய கணினியைப் பற்றிப் பொதுவாகக் கேட்கப்படும் குறை. இதற்குக் காரணம் பெரும்பாலும் முழுக் கணினியும் அன்று. அதனுள் உள்ள ஓர் உறுப்பே. பழைய மடிக்கணினிகளில் தகவல்களைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் என்பது, நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஒரு தட்டு. தேவையான தகவல் தட்டின் எப்பகுதியில் உள்ளதோ, அங்கு ஒரு சிறு கை நகர்ந்து சென்று அதனைப் படிக்க வேண்டும். கணினியைத் திறக்கும் வேளையில் இவ்வாறு ஆயிரக்கணக்கான முறை நகர வேண்டியிருப்பதால் காலம் செல்கின்றது. இதற்குப் பதிலாக அசையும் பாகம் ஏதுமற்ற எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தைப் பொருத்தினால், நிமிடக்கணக்கில் காத்திருந்தது நொடிக்கணக்காகக் குறையும். நினைவகம் 4 ஜிகாபைட்டாக இருப்பின் அதனை 8 ஆக உயர்த்துவதும் பயன் தரும். ஆனால், மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனை மாற்ற முடியாது என்பதை முன்கூட்டியே கேட்டறிக.

மின்கலன் தேய்வது இயல்பு. சில நூறு முறை மின்னேற்றிய பின் அதன் கொள்ளளவு குறைந்துவிடும். அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மின்கலன் உப்பி, கணினியின் அடிப்பகுதியோ விசைப்பலகையோ மேலெழும்பியிருந்தால், அந்நொடியே பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். அதனைக் குத்துவதோ, மின்னேற்றுவதோ, வீட்டின் குப்பைக் குழாயில் போடுவதோ தீ விபத்துக்கு வழிவகுக்கும். கடைக்கோ பழுதுபார்ப்பவரிடமோ உடனே சேர்ப்பிக்க வேண்டும்.

சிம் லிம் சதுக்கம் போன்ற இடங்களில் பழுதுபார்க்கும் கடைகள் பல உள்ளன. உறுப்பின் விலை, கூலி, உத்தரவாதக் காலம் ஆகிய மூன்றையும் எழுத்தில் பெற்று, இரண்டு கடைகளிலாவது ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பழுதுபார்க்கும் செலவு புதுக் கணினியின் விலையில் பாதியை நெருங்குமாயின், புதியதை நாடுவதே சிக்கனம் என்பது என் கருத்து.

செலவுக் கணக்கு

சிராங்கூன் சாலை நகைக்கடையில் பழைய சங்கிலியைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது, பழைய தங்கத்தின் எடைக்கேனும் மதிப்புக் கிடைக்கும். கணினிக்கு அத்தகைய எடை மதிப்பு இல்லை. அதன் மதிப்பு, அது நமக்கு உழைக்கும் ஆண்டுகளில்தான் அடங்கியுள்ளது. 1,200 வெள்ளிக்கு வாங்கிய கணினியை 3 ஆண்டுகளில் மாற்றினால் ஆண்டுக்கு 400 வெள்ளி செலவு. அதே கணினி 6 ஆண்டுகள் உழைத்தால் 200 வெள்ளிதான். நடுவில் 200 வெள்ளி கொடுத்து உறுப்புகளை மாற்றியிருந்தாலும் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 233 வெள்ளியே. மேலும், 2024 ஜனவரி முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடாக இருப்பதால், வரி சேராத 1,200 வெள்ளிப் பொருளுக்கு 108 வெள்ளி கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்பதையும் மறவாதிருத்தல் நன்று.

மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் காணொளித் தயாரிப்போ கட்டட வரைவியலோ பயிலச் செல்கின்றான் என்றால், கணக்கு வேறு. அங்குப் பழைய கணினியோடு மல்லாடும் நேரம் படிப்பைப் பாதிக்கும். அத்தகைய வேளையில் வாங்கத்தான் வேண்டும். பாடத்துக்குத் தேவையான தகுதிகளைக் கல்லூரியிடம் கேட்டறிந்து, அதற்குமேல் செல்லாதிருத்தல் போதுமானது.

இரண்டாங்கைக் கணினி வாங்குவோருக்கும் சட்டத்தின் துணை உண்டு. 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள ‘லெமன் சட்டம்’ எனப்படும் விதிகளின்படி, வாங்கிய 6 மாதங்களுக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அவ்வாறன்று என மெய்ப்பிப்பது கடைக்காரரின் பொறுப்பு. பயன்படுத்திய பொருள்களுக்கும் இது பொருந்தும். ஆயினும் அவற்றின் வயதும் விலையும் கருத்தில் கொள்ளப்படும். இணக்கம் ஏற்படாவிடில் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். இதற்காகவே, ரசீதைப் பத்திரப்படுத்துதல் இன்றியமையாதது.

பழையதை என்ன செய்வது? 2017 ஜூலை 10 வரை, லிட்டில் இந்தியாவுக்கு அருகே சுங்கை சாலைச் சந்தை இருந்தது. பழைய வானொலிக்கும் கடிகாரத்துக்கும் அங்கு ஆள் கிடைத்தது. இன்று வழிகள் வேறு. 2020இல் கிருமிப்பரவல் காரணமாகப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பயின்றபோது, ‘இன்ஜினியரிங் குட்’ அமைப்பின் தொண்டூழியர்கள் நன்கொடையாகப் பெற்ற ஆயிரக்கணக்கான மடிக்கணினிகளைச் செப்பனிட்டு வசதி குறைந்த குடும்பங்களுக்கு வழங்கினர். நம் வீட்டில் ‘உதவாது’ எனப்பட்ட கணினி, மற்றொரு வீட்டில் ஒரு மாணவனின் வகுப்பறையாயிற்று.

முற்றிலும் பழுதானதாயின், 2021 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவுத் திட்டத்தின்கீழ் வைக்கப்பட்டிருக்கும் சேகரிப்புப் பெட்டிகளில் சேர்க்கலாம். புதுக் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கடைக்காரர், அதே வகையான பழையதொன்றை இலவசமாகத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் விதி. பெட்டிகள் உள்ள இடங்களைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் காணலாம். எவ்வழியில் கொடுப்பினும், படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்துக்கொண்டு, எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, கணினியிலுள்ள தகவல்களை முழுமையாக அழித்த பின்னரே கையை விட்டு அனுப்ப வேண்டும்.