பாடம் செய்தல்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

மைசூர் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன தசராவும் சந்தனமும் பட்டும் ஆகும். ஆனால் ஒரு காலத்தில் வேட்டைத் துப்பாக்கி ஏந்தியவர்க்கெல்லாம் அந்நகரம் வேறொன்றுக்காகவே தெரிந்திருந்தது. 'வான் இங்கென் அண்டு வான் இங்கென்' என்னும் நிறுவனம் அங்கிருந்தது. யூஜின் வான் இங்கென் தொடங்கிய அதனை அவருடைய புதல்வர்கள் போத்தா, டி வெட், ஜூபர்ட் ஆகியோர் வளர்த்தனர். மன்னரும் துரைமாரும் சுட்ட புலிகளின் தோல்கள் உப்பிட்டு அங்கே வந்து சேரும். உறுமும் புலிகளாகத் திரும்பிப் போகும். 1900 முதல் 1999 வரை இயங்கிய அத்தொழிற்கூடத்தில் 43,000க்கும் மேற்பட்ட புலிகளும் சிறுத்தைகளும் பாடம் செய்யப்பட்டன என்று கணக்கிட்டுள்ளனர். அந்த எண்ணைப் படித்தபின் நூலகத்தில் சற்று நேரம் பக்கத்தைத் திருப்பாமலே அமர்ந்திருந்தேன்.

'பாடம் செய்தல்' நல்ல சொல். நாம் பாடம் படிக்கிறோம்; தோலைப் பாடம் செய்கிறார்கள். இரண்டிலும் உள்ளே வைக்கோல்தானே என்று விடுதி நண்பர் ஒருவர் கேலி செய்தார். அவர் எண்ணுவது தவறு (தோலைப் பொறுத்தவரையிலாவது). வைக்கோல் திணித்தது பழங்காலத்தில். பின்னாளில் களிமண்ணில் உடலின் வடிவம் செய்து, அதிலிருந்து அச்செடுத்து, காகிதக் கூழால் வெற்றுடல் ஒன்றை உருவாக்கினர். கொழுப்பும் தசையும் சுரண்டப்பட்டு, உப்பும் படிகாரமும் ஏறிப் பதமான தோலை அதன்மேல் போர்த்தித் தைப்பார்கள். கண் கண்ணாடியாலானது. ஆகவே நாம் காணும் புலியில் பெரும்பாலும் தோல் மட்டுமே புலி.

பூச்சிதான் இக்கலையின் பெரும் பகை. அதற்கு மருந்து கண்டவர் பிரான்சு நாட்டு மெட்ஸ் நகரத்து மருந்தாளர் பெக்கூர். நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன அதே 18ஆம் நூற்றாண்டில், பாஷாணம் கலந்த சோப்பு ஒன்றைச் செய்தார். அது தடவிய தோலைப் பூச்சி அண்டாது. மனிதனும் அண்டாதிருப்பதே நலம்! பழைய பாடம் செய்த பொருள்களை வெறுங்கையால் தொடக்கூடாது என்பது இதனால்தான்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது, மைசூர்த் தொழிலும் தேய்ந்தது. இப்போது பம்பாயில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009இல் தொடங்கிய நிலையம் ஒன்றில் கால்நடை மருத்துவப் பேராசிரியர் சந்தோஷ் கெய்க்வாட் இக்கலையைச் செய்து வருகிறார். அங்கு வருபவை சுடப்பட்டவை அல்ல, தாமே இறந்த விலங்குகள்.

மீனைப் பாடம் செய்வது இன்னும் கடினம். தையலை மறைக்க மயிர் கிடையாது. ஆதலால் சுவர்ப்பக்கம் திரும்பும் பாதியில் வெட்டித் தைப்பர். நிறமோ நிற்பதே இல்லை. நம் மீன்பிடித் துறைமுகத்தில் மயில் மீன் இறங்குவதைக் கண்டவர்க்கு இது விளங்கும். கடலில் நீலமாய் மின்னியது ஏலத்திற்கு வருமுன் சாம்பலாகி விடும். பார்மலினில் இட்டாலும் அப்படித்தான். பாடம் செய்த மீனின் நிறம் முழுவதும் தூரிகையின் வேலை. பிடித்த அன்றே யாரேனும் நிறத்தைக் குறித்து வைத்திருந்தால்தான் அது மெய்யான நிறமாகும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்த பள்ளியில் பாடம் செய்த பறவை ஒன்று இருந்தது. அதன் பெயர், பிடித்த ஊர், ஆண்டு எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆசிரியருக்கும் தெரியவில்லை. குறிப்புச் சீட்டு இல்லாத பறவை வெறும் பொம்மை. எங்கள் வீட்டிலோ இதற்கு நேர்மாறு: பொருள் இல்லை, குறிப்பு மட்டும் இருக்கிறது.

கடற்கரையாருக்குப் பாடம் செய்யாமலே நிலைக்கும் வெற்றிச் சின்னம் ஒன்றுண்டு. அது வேளாக் கொம்பு. வேளா மீனின் நீண்ட மூக்கு அது. இருபுறமும் ரம்பம்போல் பற்கள் இருக்கும். உப்பும் வெயிலுமே போதும், கெடாது. நமக்கு வடக்கே உள்ள காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கருவுற்ற சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. உரை படிக்கையில் தமிழாசிரியர் "இது என்ன கொம்பு?" என்று கேட்டார். வகுப்பில் எனக்கு மட்டுமே விடை தெரிந்திருந்தது. எங்கள் தாத்தா வீட்டு நிலைப்படிக்கு மேல் அப்படி ஒன்று தொங்கியது.

நான் அதைப் பார்த்ததில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டோடு அதையும் கொண்டு போயிற்று. நான் அதற்கு மறு ஆண்டு பிறந்தேன். 2001 முதல் வேளா மீன் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். இத்தகைய பொருளை வைத்திருப்போர் 180 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2003இல் விதியும் வந்ததாம். எங்கள் தெருவில் யாருக்கு அது தெரியும்?

விலங்கியல் விரிவுரையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பற்கள் அடியிலிருந்தே தொடங்கினவா?" அன்று மாலை அப்பாயியைக் கேட்டேன்.

"அடில ஏதுப்பா பல்லு? பொங்கலுக்கு மஞ்சத் தடவயில அதப் புடிச்சுத்தானே எறக்குவேன். வழவழன்னு இருக்கும்" என்றார்.

அடியில் கால் பங்கு பல் இல்லாதது அனாக்சிப்ரிஸ்டிஸ் கஸ்பிடேட்டா என்னும் இனம். நீளம் ஒன்றரை முழம், அதாவது சுமார் 68 செ.மீ.; எனவே மீன் இரண்டரை மீட்டர் அளவில் இருந்திருக்கலாம். பிடித்தது எப்போது? "பெரும்புயலுக்கு முந்தின தை." நாகைப் புயல் 1977 நவம்பர், ஆகவே 1977 சனவரி.

செய்முறைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் சீட்டு ஒன்று வரைந்து இனம், இடம், காலம், அளவு எல்லாம் எழுதினேன். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது, வாசித்துக் காட்டினேன்.

"புடிச்சது ஒங்க தாத்தா. ஒம் பேரு எப்படிப்பா வந்துச்சு?" என்றார்.

அடித்துவிட்டுத் தாத்தாவின் பெயரை எழுதினேன்.