காய்லானா ஏரிக்கரையில் ஒரு பாடம்

பாலைவனத்தில் ஏரியா என்று ஊரிலிருந்து வரும் உறவினர் நகைப்பதுண்டு. ஜோத்பூரில் குடியேறிய புதிதில் நாமும் அவ்வாறு நகைத்தவர்களே. செம்பாறைக் குன்றுகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் காய்லானா ஏரியைக் கண்ட பிறகே நம் நகைப்பு அடங்கியது. 1872-ஆம் ஆண்டில் பிரதாப் சிங் அமைத்த அந்த ஏரி இன்றும் இந்நகரத்தின் குடிநீர்த் தேவைக்குப் பயன்பட்டு வருகின்றது. காலையில் நாம் காப்பிக்குக் கொதிக்கவைப்பது அந்த நீரே. ஆகவே ஏரியின் நலத்தை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும் எனக் கருதி, சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துச் சிறுவர் சிறுமியரை அங்கே அழைத்துச் சென்றோம்.

கரையில் அமர்ந்ததும் முதலில் ஒரு கணக்குப் போடச் சொன்னோம். இங்கே ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 36 சென்டிமீட்டர். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வெயிலும் காற்றும் ஓராண்டில் குடித்துவிடும் நீரோ ஆறடி உயரத்துக்குக் குறையாது. வரவைவிடச் செலவு ஐந்து மடங்கு! "பிறகு ஏரி எப்படி மிஞ்சுகிறது?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

இரண்டு வழிகளால் மிஞ்சுகின்றது. முதலாவது, முன்னோர் கண்ட வழி. பரந்த நிலத்தில் விழும் மழையை ஓர் ஆழமான பள்ளத்தில் சேர்ப்பது. அவ்வாறு நீரை ஏந்தித் தரும் நிலத்தை இவ்வூரார் 'ஆகோர்' என்பர். குடிநீர்க் குளத்தின் ஆகோரில் செருப்போடு நடவார், அசுத்தம் செய்யார். நம் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் ஊருணியைக் காத்த முறையும் இதுவே அன்றோ? இரண்டாவது, நம் காலத்து வழி. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகேயிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர் ஓடிவரும் இந்திரா காந்திக் கால்வாயிலிருந்து, நீரேற்றுக் கிளை ஒன்று இமயத்து நீரை ஜோத்பூருக்குக் கொண்டுவருகின்றது.

நீர் வரும் வழியில் வேறு பொருள்களும் வரக்கூடும். நம் உறுப்பினரும் உயிரியல் ஆசிரியருமான அன்பர் ஒருவர் இங்கேதான் பாடத்தைத் தொடங்கினார். ஹரிகே நீர்த்தேக்கம் பல்லாண்டுகளாக வெங்காயத்தாமரையால் மூடுண்டு தவித்தது. அதனை அகற்றப் படைவீரர்களின் உதவியும் தேவைப்பட்டது. ஊதாப் பூவின் அழகுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொணரப்பட்ட செடி அது. தகுந்த சூழலில் இரண்டே வாரத்தில் இரு மடங்காகும். அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கும். அதனை ஒழிப்பதற்கென்றே 1936-இல் வங்காளத்தில் ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது.

பின்னர் மீன்களின் கதையைக் கூறினார். ஆப்பிரிக்காவின் திலேப்பியா 1952-இல் நம் நாட்டுக்கு வந்தது. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. சில மாதங்களில் அவையும் தாயாகின்றன. உதயப்பூருக்கு அருகிலுள்ள ஜெயசமந்த் ஏரியில் அது பெருகிய பின், கட்லா, ரோகு போன்ற நம் நாட்டுப் பெருங்கெண்டைகள் எடை குன்றின. கொசுவை ஒழிக்க 1928-இல் இத்தாலியிலிருந்து தருவித்த கம்பூசியா என்னும் சிறுமீனோ, கொசுப் புழுவோடு நில்லாமல் பிற மீன்களின் முட்டைகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்கின்றது. பெரிய ஆற்றிலாவது உயிர்கள் வேறிடம் தப்பிச் செல்லும். பாலைவனக் குளத்து மீன் எங்கே செல்லும்? சுற்றிலும் மணல். அங்கே ஓரினம் அழிந்தால் அடுத்த குளத்திலிருந்து வந்து நிரப்ப யாருமில்லை.

பாடம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி எழுந்து, "மாமா, பள்ளிக்கூடத்தில் என்னையும் வெளியிலிருந்து வந்தவள் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் நாமும் வெங்காயத்தாமரை மாதிரிதானா?" என்று கேட்டாள்.

நாம் திகைத்துப் போனோம். அயலிலிருந்து வந்தது தீது, உள்ளூரது நன்று என்று ஒரு மணி நேரமாகச் சொல்லி வந்தவர்கள் நாமே. அச்சொல் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளையின் காதில் எவ்வாறு விழும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமில்லை.

ஆசிரிய அன்பர் சற்று யோசித்துவிட்டு, "உன் தாயார் இன்று கட்டிக் கொடுத்த புளிச்சோற்றில் மிளகாய் இருக்கிறதா, அம்மா?" என்று வினவினார். இருக்கிறது என்றாள். மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்றும், அவை எந்த ஏரியையும் மூடவில்லை என்றும் எடுத்துச் சொன்னார். பிறகு கீச்சன் கிராமத்தைப் பற்றிக் கூறினார். பலோதிக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூருக்கு மங்கோலியா முதலிய தொலைநாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குர்ஜாக் கொக்குகள் வருகின்றன. ஊரார் தானியம் இறைத்து வரவேற்கின்றனர். குளத்தில் நீரருந்திக் குளிர்காலம் கழித்து அவை திரும்புகின்றன. அவ்விடம் 2025-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

"ஆகையால் எங்கிருந்து வந்தது என்பது கேள்வியன்று, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதே கேள்வி. தன் தாயகத்தில் வெங்காயத்தாமரையைத் தின்னும் பூச்சிகள் உண்டு. அங்கே அது அடங்கியிருக்கும். தடுப்பார் இல்லாத இடத்தில் மனிதன் அதைக் கொண்டு வந்து விட்டான். குற்றம் செடியினுடையது அன்று. மனிதரோ எந்த ஊரில் பிறந்தாலும் ஒரே இனம். மனிதரைக் களை என்பது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது" என்று முடித்தார்.

திரும்பும் வழியில் வேறோர் உதாரணமும் கண்ணெதிரே நின்றது. சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம். ஜோத்பூர் சமஸ்தானம் 1940-இல் அரச மரியாதை அளித்துப் பரப்பிய அமெரிக்க மரம் அது. இன்று ஆகோர்களில் புகுந்து நிற்கின்றது. அதற்கு அப்பால் ஒரு கேஜ்ரி மரம் தனித்து நின்றது. கேஜ்ரி என்பது வேறெதுவுமன்று, நம் கோயில்களில் நாம் வலம் வரும் வன்னி மரமே. "நம்ம ஊர் மரமும் இங்கே இருக்கிறதே!" என்று அந்தச் சிறுமியே கூவினாள்.

வீட்டில் செய்யத்தக்க ஒரு சோதனையையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். இரண்டு ஒரே அளவான வாளிகளில் சமமாக நீர் நிரப்பி, ஒன்றில் மட்டும் வெங்காயத்தாமரையை இட்டு, மாடியில் வைத்து நாள்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வரவேண்டும். செடி தழைத்த வாளியில் நீர் விரைந்து குறைவதைக் காணலாம். ஏரியிலும் அவ்வாறே நிகழும் என்பதைச் சொல்லாமலே பிள்ளைகள் உணர்வர். சோதனை முடிந்ததும், பூப்பதற்கு முன்பாகச் செடியை வெயிலில் முற்றிலும் உலர்த்திவிட வேண்டும். சாக்கடையிலோ குளத்திலோ எறிதல் கூடாது.

இனி, நாம் மறைக்க விரும்பாத ஒரு செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரிலிருந்து மாற்றலாகி வந்தபோது, நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியின் மீன்களை என் செய்வதென்று அறியாமல், பிள்ளைகளின் கையாலேயே அவ்வூர் ஏரியில் விட்டோம். உயிரைக் காத்த புண்ணியம் என்று மகிழ்ந்தும் வந்தோம். தொட்டியின் பாசியைத் தின்னும் முரட்டுத்தோல் மீன் ஒன்றும் அவற்றில் இருந்தது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த அவ்வினம் கரையைக் குடைந்து முட்டையிடும் என்பதும், தமிழ்நாட்டு ஏரிகளிலும் பெருகி மீனவர் வலைகளைப் பாழாக்குகின்றது என்பதும் பின்னரே தெரிந்தன. ஏரிக்கரையில் இதனைப் பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டோம். நம் பாடங்களுள் அவர்கள் மிகவும் கவனித்துக் கேட்டது அதுவே.

மாற்றல் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. தேர்வுகள் முடிந்ததும் இவ்வாண்டும் சிலர் புறப்படுவர். அவர்களிடம் மீன்தொட்டியோ வளர்ப்பு ஆமையோ இருப்பின், அவற்றைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். அன்றி, சங்கத்தில் தெரிவித்தால் வளர்க்க விரும்பும் வேறு வீட்டில் சேர்ப்பிப்போம். அந்தச் சிறுமி இரண்டு தொட்டிகளுக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கின்றாள்.