பீங்கான் சக்கரமும் பெரிய ஆசையும்
1989ல் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வந்தபோது, காகிதத்தில் அதன் சக்தி 280 குதிரைகள். ஜப்பானியக் கம்பெனிகள் தமக்குள் பேசிவைத்துக்கொண்ட வரம்பு அது. 2004 வரை நீடித்தது. 2.6 லிட்டர் எஞ்சின் அதைவிட அதிகம் தாங்கும். தாங்காதது, இரட்டை டர்போக்களுக்குள் இருக்கும் பீங்கான் டர்பைன் சக்கரம். எடை குறைவு, சட்டென்று சுழலும். காற்றழுத்தத்தை அளவு மீறிக் கூட்டினால் நொறுங்கிவிடும். எனவே உலோகச் சக்கரத்துக்கு மாறுவது முதல் வேலை.

பிறகுதான் குழப்பம். பெரிய ஒற்றை டர்போ, பந்தயத் தடத்தின் நீண்ட நேர்ப்பாதையில் பிய்த்துக்கொண்டு போகும். ஊருக்குள் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது விழித்துக்கொள்ளவே நேரமாகும்; வளைவின் நடுவில் விழித்தால் பின்சக்கரம் வழுக்கும். (வாங்குபவர்கள் பார்ப்பதென்னவோ உச்ச சக்தியைத்தான்.) இரண்டு இடத்திலும் ஓட்டுகிறவருக்கு பால்பேரிங் பொருத்திய சிறிய ஜோடியே தேவலை. கூடவே பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் மாற்றமும் வேண்டும். அதில் கஞ்சத்தனம் பார்த்தால் பிஸ்டன் உருகும்.